இருபது லிட்டர் இடம்

ஜனவரி மாதம், ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, லே ஊரில் நான் வேலை பார்க்கும் குடிநீர் அலுவலகத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு வந்தது. எல்லைக் காவல் படை லாரியின் ஓட்டுநர் ஒருவர் கையுறையைக் கழற்றி அதற்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். சிகரெட் அட்டையைப் பிரித்து உள்பக்கத்தில் எழுதியிருந்தது. "யாங்சனுக்கு வயிற்றில் வலி, வலது பக்கம். நான்கு நாளாகச் சாப்பாடு இல்லை. எழுந்து நடக்க முடியவில்லை. வண்டி கொண்டு வரவும்." அப்பாவுக்கு எழுதத் தெரியாது. குதிரையில் ரோந்து போன சிப்பாய் யாரோ அவர் சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறார். கீழே போட்டிருந்த தேதி இரண்டு நாள் பழையது.

யாங்சன் என் அக்கா. வயது முப்பத்து நான்கு. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அப்பாவுடன் நூற்று நாற்பது ஆடுகளையும் ஒரு குதிரையையும் கட்டிக்கொண்டு இருக்கிறவள். குளிர்காலத்தில் அவர்கள் இருவரும் ரக்சாங் பட்டியில் இருப்பார்கள். அங்கே வேறு குடும்பம் கிடையாது.

சீட்டை எடுத்துக்கொண்டு அண்ணன் தொண்டுப்பைத் தேடி டாக்ஸி நிலையத்துக்கு ஓடினேன். அவனிடம் ஒரு ஜிப்ஸி இருந்தது. ராணுவ ஏலத்தில் எடுத்தது, பதினான்கு வருடத்து வண்டி. நான்கு சக்கரமும் இழுக்கும், கதவு மட்டும் ஒழுங்காகச் சாத்தாது. அவன் சீட்டைப் படித்தான். வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்து எதையோ முறுக்க ஆரம்பித்தான். நான் பானெட்டின் மேல் நோட்டை விரித்தேன்.

கணக்கு இதுதான். பெட்ரோல் பங்க் காருவில் இருக்கிறது, அதைத் தாண்டினால் எதுவும் கிடையாது. காருவிலிருந்து எல்லைப் படையின் முகாம் வரை நூற்று முப்பத்தாறு கிலோமீட்டர் தார்ச்சாலை. லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கொடுத்தால் பதின்மூன்று லிட்டர் சொச்சம் ஆகும். முகாமிலிருந்து கணவாய் ஏறி இறங்கி ரக்சாங் வரை நூற்று நான்கு கிலோமீட்டர். அங்கே பாதை என்று ஒன்று இல்லை, போன வண்டியின் தடம்தான் பாதை. லிட்டருக்கு நாலரை வைத்தால் இருபத்து மூன்று. ஆக ஒரு வழிக்கு முப்பத்தாறு, போக வர எழுபத்திரண்டு. ஜிப்ஸியின் டேங்க் நாற்பது லிட்டர் பிடிக்கும். இருபது லிட்டர் கேன் இரண்டு எடுத்தால் எண்பது. கைக்கு எட்டு லிட்டர் மிஞ்சும். எனக்கு அது போதாது என்று பட்டது. மூன்றாவதாக ஒரு கேன் பெட்ரோலும் வேண்டும் என்றேன்.

அண்ணன் வண்டிக்கு அடியிலிருந்தபடியே, மூன்றாவது கேனில் மண்ணெண்ணெய் போகிறது என்றான்.

"அபா-லே இருட்டுல உக்காந்திருக்காரு. போன மாசமே விளக்குக்கு எண்ணெய் இல்லன்னு சொல்லி அனுப்புனாரு. பெத்தவர் வீட்டுக்கு வெறுங்கையோட போயி நிப்பியா நோனோ? எட்டு லிட்டர் மிஞ்சுதுன்னு நீதானே எழுதி வெச்சிருக்கே."

அவன் என்னை நோனோ என்றுதான் கூப்பிடுவான். நான் இரண்டு பிள்ளைக்குத் தகப்பனான பிறகும் அவனுக்குச் சின்னத் தம்பிதான். வெறுங்கையோடு போவது என்பது எங்கள் பக்கம் யாராலும் முடியாத காரியம், அதனால் நான் மேற்கொண்டு வாதாடவில்லை. ரேஷன் மண்ணெண்ணெய் இருபது லிட்டர் வாங்கினோம். மூன்று கேனும் ஒரே ஏலத்தில் வந்தவை, ஒரே பச்சை, ஒரே நசுங்கல். அடையாளத்துக்காக மண்ணெண்ணெய்க் கேனின் கைப்பிடியில் ஒரு வெள்ளைப் பட்டுத் துண்டைக் கட்டினேன். பெரியவர்களுக்குக் கொடுக்கும் எதிலும் அந்தத் துண்டு இருக்க வேண்டும் என்பதால் இரண்டு வேலையும் ஒன்றாக முடிந்தது என்று நினைத்தேன்.

பிறகு நோட்டில் இன்னொரு விதி எழுதி அடிக்கோடு போட்டேன். டேங்க்கில் இருபது லிட்டர் இடம் வரும்வரை கேனைத் திறக்கக் கூடாது. காரணம் இருக்கிறது. வண்டியின் முள் மேட்டில் ஒன்று காட்டும், பள்ளத்தில் ஒன்று காட்டும். கேன் பொய் சொல்லாது, மூடியிருக்கும் வரை அதில் இருபது இருக்கிறது. பாதி ஊற்றிய கேன் குலுங்கிக் கசியும், உள்ளே எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. திறந்தால் முழுவதும் ஊற்றிவிட வேண்டும். இந்த விதியை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன்.

"நல்லா எழுதியிருக்கே. நோட்டைத் தூக்கி டேங்க்ல போடு, இன்னும் பத்து கிலோமீட்டர் ஓடும்" என்றான்.

காருவில் மூன்று மணிக்கு டேங்க்கை நிரப்பிக்கொண்டு இரவு எட்டு மணிக்கு முகாமை அடைந்தோம். அங்கே இருந்த மருத்துவ உதவியாளர் பகவந்த் சிங் என்பவர் சீட்டை இரண்டு முறை படித்தார். எந்த நாளில் வலி ஆரம்பித்தது, காய்ச்சல் உண்டா, வயிறு கல்லாக இருக்கிறதா என்று கேட்டார். எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. குடல்வால் வெடித்திருக்கலாம் என்றார். ஊசி மருந்தும் மாத்திரையும் கொடுத்து எப்படிப் போடுவது என்று எனக்குக் காட்டினார். சனிக்கிழமை மாலைக்குள் இந்த முகாமுக்குக் கொண்டு வந்துவிட்டால் போதும், ஆம்புலன்ஸைத் தயாராக நிறுத்தி வைக்கிறேன், ராத்திரியோடு ராத்திரியாக லே மருத்துவமனையில் சேர்த்துவிடலாம் என்றார். அதற்கு மேல் தாமதித்தால் தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்றார். கணவாய்க்கு அந்தப் பக்கம் அவர்களுடைய வண்டிகள் குளிர்காலத்தில் போவதில்லை. பெட்ரோல் கேட்டேன். அங்கே எல்லாம் டீசல் வண்டி, ஒரு சொட்டுப் பெட்ரோல் கிடையாது.

வெள்ளிக்கிழமை காலை புறப்பட்டோம். கணவாய் உச்சிக்கு எட்டு கிலோமீட்டர் முன்னால் டேங்க்கில் சரியாக இருபது லிட்டர் இடம் வந்தது. முதல் கேனைத் திறந்து முழுவதும் ஊற்றினோம். காற்றில் பாதிப் புனல் எங்கள் மேலேயே தெறித்தது. அதற்குப் பிறகு வண்டியும் உடுப்பும் விரலும் எல்லாம் பெட்ரோல் நாற்றம்தான்.

உச்சியில் கற்குவியல் அருகே அண்ணன் வண்டியை நிறுத்தினான். கொடித் துணிகள் காற்றில் கிழிந்து கிடந்தன. கணவாய்த் தெய்வத்துக்கு எதையும் கட்டாமல் யாரும் அந்தப் பக்கம் இறங்குவதில்லை, அதுவும் நோயாளியைக் கூட்டி வரப் போகிறவர்கள். அவசரத்தில் கொடி வாங்க மறந்திருந்தோம். அண்ணன் பையெல்லாம் தேடிவிட்டு, பின்னால் போய் மண்ணெண்ணெய்க் கேனிலிருந்த வெள்ளைத் துண்டை அவிழ்த்துக் கொண்டு வந்தான். கல்லில் கட்டினான். தெய்வங்களுக்கு வெற்றி என்று இருவரும் சேர்ந்து கூவினோம். அவன் கட்டுவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு அது தப்பாகவே தோன்றவில்லை. இன்னும் பலமாகக் கூவினேன்.

ரக்சாங்கில் பட்டி என்பது இடுப்பளவு தரையில் தோண்டி, கல்லடுக்கி, மேலே கம்பளிக் கூடாரத்தை இழுத்துக் கட்டியது. மாலை ஐந்தரைக்குச் சேர்ந்தோம். அக்கா அடுப்போரம் ஒருக்களித்து முழங்காலை மடக்கிக் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்ததும், ஆபீசில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்குப் பின்பக்கம் பெருத்துவிட்டது என்று சொன்னாள். சிரிக்க முயன்று பல்லைக் கடித்துக்கொண்டாள். பகவந்த் சிங் சொல்லிக்கொடுத்தபடி ஊசி போட்டேன். வயிறு பலகை மாதிரி இருந்தது. அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டான்.

அந்த இரவு குளிரில் இயந்திரம் உறைந்துவிடாமலிருக்க இரண்டு முறை அதை ஓடவிட்டோம். விடிந்ததும் கணக்குப் பார்த்தேன். டேங்க்கில் இருபத்தொன்றரை லிட்டர் இருக்க வேண்டும். இடம் பதினெட்டரை. கேனைத் திறந்தால் ஒன்றரை லிட்டர் உள்ளேயே நின்றுவிடும். அண்ணன் இப்போதே ஊற்றிவிடலாம் என்றான். நான் விதியைச் சொன்னேன். வழியில் நாற்பத்தாறாவது கிலோமீட்டரில், கணவாய் ஏற்றத்துக்கு முன்னால், காற்றுப் படாத ஒரு பழைய கல்பட்டி இருக்கிறது. அங்கே ஊற்றிக்கொள்ளலாம் என்றேன். அவன் ஒப்புக்கொண்டான். எண்களைப் பொறுத்தவரை அவன் என்னை நம்புவான்.

பின்பக்கம் இருந்த மூன்று கேனில் காலியானதை நகர்த்திவிட்டு, வலது ஓரத்திலிருந்ததைத் தூக்கி அப்பாவிடம் கொடுத்தேன். வலது ஓரத்தில் மண்ணெண்ணெய் என்று என் ஞாபகம். கணவாயில் துண்டை அவிழ்ப்பதற்காக அண்ணன் கேனை முன்னால் இழுத்ததும், பிறகு வேறு இடத்தில் தள்ளி வைத்ததும் எனக்குத் தெரியாது. மோந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் என் மூக்கில் இருந்தது பெட்ரோல் மட்டும்தான்.

அக்காவைப் போர்வையோடு தூக்கி வண்டியில் கிடத்தினோம். வீட்டை விட்டு விற்ற ஆடு போனாலும் கட்டிக்கொடுத்த பெண் போனாலும் அதனிடமிருந்து கொஞ்சம் மயிரோ நூலோ எடுத்து வைத்துக்கொள்வோம், செல்வம் கூடவே போய்விடாமலிருக்க. அப்பா குனிந்து அவளுடைய மேலங்கியிலிருந்து ஒரு நூலைப் பிடுங்கி மாவுப் பெட்டிக்குள் போட்டார்.

"என்னை எவ்வளவுக்கு வித்தே, அபா-லே?" என்று அவள் கேட்டாள்.

"யாரும் வாங்க மாட்டேன்றாங்க. ஓட்டிட்டுப் போயி ரிப்பேர் பண்ணிட்டு வரச் சொல்லியிருக்கேன்" என்றார் அப்பா.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். இரவில் விழுந்த பனி எங்கள் பழைய தடத்தை மூடியிருந்தது. சிறிய கியரிலேயே போனோம். குலுங்கும்போதெல்லாம் அக்கா முனகினாள். பிறகு முனகுவதை நிறுத்திவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், அவள் பிடி இறுகினால் அண்ணனை மெதுவாகப் போகச் சொல்வேன். ஹீட்டரை முழுதாக வைத்திருந்தோம்.

பத்து மணிக்குக் கல்பட்டியை அடைந்தோம். என் கணக்கில் டேங்க்கில் பத்து லிட்டர் இருந்தது. புனலில் துணி வைத்து, நான் பிடித்துக்கொள்ள, அண்ணன் கேனைத் திறந்து சாய்த்தான். துணி நீலமானது.

ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் போட்டிருப்பார்கள். ஒரு குவளை அளவு உள்ளே போயிருக்கும். அண்ணன் கேனை நிமிர்த்திப் பனியில் வைத்தான். கணவாய் உச்சிக்கு இன்னும் இருபத்திரண்டு கிலோமீட்டர், பத்து லிட்டரில் ஏறிவிடலாம், உச்சியைத் தாண்டினால் முகாம் வரை முப்பத்தாறு கிலோமீட்டரும் இறக்கம், அங்கே வண்டி தானாக உருளும் என்றான். நானும் நோட்டில் போட்டுப் பார்த்தேன். ஏற்றத்தில் பனியில் லிட்டருக்கு மூன்று என்றால் ஏழரை ஆகும். இரண்டரை மிஞ்சும். எங்கும் சிக்காமல் போனால் முடியும்.

அதற்குப் பிறகுதான், அப்பாவிடம் கொடுத்தது என்ன என்பது என் புத்தியில் ஏறியது. எங்களுடைய விளக்கு திரி விளக்கு. பம்ப் அடிக்கும் அடுப்பு ஒன்றும் உண்டு. அப்பா இரண்டையும் நிரப்பிவிட்டு, இருட்டியதும் தீக்குச்சி கிழிப்பார். மேலே கம்பளிக் கூடாரம்.

இதை அண்ணனிடம் வண்டிக்குப் பின்னால் நின்று தாழ்ந்த குரலில்தான் சொன்னேன். ஆனால் கதவு சாத்தாத வண்டி. உள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது.

"வண்டியைத் திருப்பு."

அண்ணன் உள்ளே தலையை நீட்டி, அப்பா குழந்தை இல்லை, மோந்து பார்க்காமல் ஊற்ற மாட்டார் என்றான்.

"நீங்க ரெண்டு பேரும் மோந்து பாத்தீங்களா?" என்றாள் அவள். "திருப்புண்ணே. நான் தாங்குவேன்."

"தாங்க மாட்டே" என்றான் அண்ணன். "திருப்புனா பட்டி வரைக்கும்கூடப் பெட்ரோல் பத்தாது. போயிச் சேந்தாலும் இன்னிக்கு மறுபடியும் கணவாய் ஏற முடியாது. சாயங்காலத்துக்குள்ளன்னு அந்த சிங் சொன்னான்."

"அப்ப அபா-லே எரிஞ்சு சாகட்டுமா?"

அண்ணன் பாதைக்குத் திரும்பி நின்றுகொண்டு கையால் முகத்தைத் துடைத்தான். எனக்குத் தெரிந்த ஒரே வேலையை நான் செய்தேன், நோட்டில் போட்டுப் பார்த்தேன். நாற்பத்தாறு கிலோமீட்டரை இருட்டுவதற்குள் நடக்க முடியாது. ஆனால் வழியில் பதினைந்து கிலோமீட்டரில், ஆற்று வளைவுக்கு உள்ளே, எங்கள் தாய்மாமன் வழி உறவினர் ஒருவருடைய பட்டி உண்டு. அங்கே குதிரை இருக்கும். பத்தேகாலுக்கு நடக்க ஆரம்பித்து இரண்டு மணிக்குக் குதிரை ஏறினால் ஆறு மணிக்கெல்லாம் வீடு தெரியும் தூரத்துக்காவது போய்விடலாம். நான் இறங்கினால் வண்டியில் அறுபத்தெட்டு கிலோ குறையும். மண்ணெண்ணெய்க் கேனையும் இறக்கினால் இன்னும் இருபது. அது அண்ணனுக்கு ஏற்றத்தில் ஒரு கிலோமீட்டராவது கொடுக்கும். இப்படித்தான் அண்ணனிடம் சொன்னேன், இப்படித்தான் நானும் நம்பினேன். பனியில் சக்கரம் புதைந்தால் தோண்ட ஒரு ஆள், தள்ள ஒரு ஆள் வேண்டும் என்பதை நோட்டில் எந்தப் பக்கத்திலும் நான் எழுதியிருக்கவில்லை.

அண்ணனுக்கு அது தெரிந்திருக்கும். பதினெட்டு வருடம் அந்தப் பாதையில் ஓட்டியவன். தன்னுடைய கம்பளித் தொப்பியைக் கழற்றி என் தொப்பிக்கு மேலேயே மாட்டிவிட்டான்.

அக்கா என் கையை விடவில்லை. "ஓடாதே, வேர்க்கும். வேர்த்தா உறைஞ்சு போவே" என்றாள். "நடந்தே போ."

வண்டி ஏற்றத்தில் திரும்பி மறைகிறவரை நிற்காமல் நானும் நடக்க ஆரம்பித்தேன்.

ஒன்றரை மணிக்கு, ஏறக்குறைய பதின்மூன்று கிலோமீட்டர் நடந்திருப்பேன், எதிரே வண்டித் தடத்தின் மேலேயே ஒரு குதிரை வருவதைப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு ஆள் அதைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். குதிரையின் முதுகில் ஒரு பக்கம் மூட்டை, மறுபக்கம் பச்சைக் கேன். அப்பாவின் நடை எனக்குத் தெரியும், ஆனாலும் அருகில் வந்து முகத்திலிருந்த துணியை விலக்குகிற வரை நான் அதை நம்பவில்லை.

காலையில் பால் கறந்துவிட்டு வந்து, விளக்கை நிரப்பக் கேனைத் திறந்திருக்கிறார்.

"தெறந்ததுமே தெரிஞ்சுது" என்றார். "எண்ணெயில பாதி வாழ்க்கை போச்சு, எனக்குத் தெரியாதா? முதல்ல சிரிப்பு வந்துது. அப்புறம் யோசிச்சேன். இது இங்க இருந்தா அவங்ககிட்ட என்ன இருக்கும்னு. ஆட்டையெல்லாம் பட்டியில அடைச்சுட்டுக் கிளம்பிட்டேன்."

எட்டு மணிக்குப் புறப்பட்டவர். கேன் குலுங்கக் கூடாது என்று பாதி வழி குதிரையில் ஏறாமல் நடந்தே வந்திருக்கிறார். நாங்கள் கல்பட்டியிலேயே காத்திருந்தால் மாலை நான்கரைக்குப் பெட்ரோல் வந்து சேர்ந்திருக்கும். அந்தக் கணக்கை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அப்பா வண்டி எங்கே என்று கேட்டார். சொன்னேன். தனியாகவா போனான் என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டு கணவாய் இருந்த பக்கத்தையே பார்த்தார். அங்கே மேகம் இறங்கியிருந்தது.

கல்பட்டிக்கு நாங்கள் திரும்பி வந்தபோது மணி ஐந்து. மேலே பனிக்காற்று அடித்துக்கொண்டிருந்தது, பத்தடிக்கு மேல் தெரியவில்லை. அப்பா போகலாம் என்றார். நான் கூடாது என்றேன். இருட்டில் குதிரை கால் தவறினால் கேனும் போகும், நாமும் போவோம், அண்ணன் இந்நேரம் முகாமில் இருப்பான் என்றேன். மண்ணெண்ணெயைச் சாணத்தில் ஊற்றித் தீ மூட்டினோம். தூங்கவில்லை. தடம் தெரியத் தொடங்கியதும் ஏறினோம்.

உச்சிக்கு மூன்று கிலோமீட்டர் கீழே வண்டி நின்றது. முன் சக்கரம் இரண்டும் பனியில் அச்சு வரை புதைந்திருந்தன. சுற்றிலும் தோண்டிய குழிகள். அண்ணன் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்திருந்தான், அக்காவின் தலையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டு. எங்களைப் பார்த்துக் கதவைத் திறக்க முயன்றான், விரல் மடங்கவில்லை.

அவன் சொன்னதை நான் வரிசைப்படி எழுதுகிறேன். பகல் பன்னிரண்டே முக்காலுக்குச் சிக்கியது. மண்வெட்டியால் தோண்டினான். தோண்டிவிட்டு ஏறி ஆக்ஸிலேட்டரை மிதிப்பான், சக்கரம் ஓர் அடி நகர்ந்து மறுபடியும் விழும். ஒரே ஆளாக மூன்றரை மணி நேரம் இதையே செய்தான். அவ்வளவு நேரமும் அவளுக்காக ஹீட்டர் ஓட வேண்டும், ஹீட்டருக்காக இயந்திரம் ஓட வேண்டும். நாலரைக்கு இயந்திரம் நின்றது. அப்போது அவள் பேசிக்கொண்டுதான் இருந்தாளாம். வீட்டில் விளக்கு ஏற்றியிருப்பார்களா என்று இருட்டிய பிறகு நான்கைந்து முறை கேட்டாளாம். நோனோ போய்ச் சேர்ந்துவிட்டான் என்று இவன் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான். விடிவதற்கு எவ்வளவு நேரம் முன்னால் என்று அவனுக்குத் தெரியவில்லை, அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

அப்பா போர்வையை விலக்கிப் பார்த்தார். வாய்க்குள் மந்திரம் சொன்னார், நெடுநேரம். பிறகு அண்ணனின் கைகளைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பினார். நான்கு விரல் நுனிகள் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன, இரண்டு கறுக்கத் தொடங்கியிருந்தன.

அவளை வீட்டுக்கே கொண்டு போய்விடலாம் என்று நான் சொன்னேன். கேனில் இருந்தது இருபது லிட்டர், ரக்சாங் வரை அறுபத்தைந்து கிலோமீட்டர், அதுவும் முதல் பகுதி இறக்கம். தாராளமாகப் போதும். முகாமுக்குப் போனால் காகிதம், கையெழுத்து, அறுத்துப் பார்க்க வேண்டும் என்பார்கள்.

"செத்தவளுக்கு இனி வழியில ஒரு கஷ்டமும் இல்ல" என்றார் அப்பா. "இவன் கையிருந்தாத்தான் இவன் பிள்ளைங்க சாப்பிடும். முகாமுக்குக் கூட்டிட்டுப் போ."

மூவருமாகத் தோண்டினோம், குதிரையைக் கட்டி இழுத்தோம். நான் பெட்ரோலை ஊற்றினேன். நான்காவது முறை இயந்திரம் பிடித்தது. அப்பா வண்டியில் ஏறவில்லை. ஆடுகள் நேற்றுக் காலையிலிருந்து தீனியில்லாமல் பட்டிக்குள் அடைந்து கிடக்கின்றன, ஓநாய் வந்தால் தடுக்க ஆளில்லை என்றார். லாமாக்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்று என்னிடம் விவரமாகச் சொன்னார், எந்த நாளில் எரிக்க வேண்டும் என்பதை அவர்களே பார்த்துச் சொல்வார்கள் என்றார். மகளின் போர்வையைக் கால்பக்கம் இழுத்துச் செருகிவிட்டு, குதிரையில் ஏறி வந்த வழியே இறங்கினார்.

வண்டியை நான்தான் ஓட்டினேன். சமதளத்தில் மட்டும் ஓட்டிப் பழகியவன். அண்ணன் மார்போடு கைகளை அணைத்துக்கொண்டு, இரண்டாவது போடு, பிரேக்கை மிதிக்காதே, விடு, இப்போ விடு என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

முகாமின் தடுப்பைப் பார்த்தபோது மாலை நான்கு மணி. வாயிலுக்கு உள்ளே ஆம்புலன்ஸ் எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றது. டீசல் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. நேற்று மாலை ஐந்து மணியிலிருந்து இயந்திரத்தை அணைக்கவே இல்லையாம், அணைத்தால் திரும்பப் பிடிக்காது என்று. பகவந்த் சிங்கும் இன்னொருவரும் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு பனியில் சறுக்கிச் சறுக்கி எங்களை நோக்கி ஓடி வந்தார்கள்.

அண்ணன் கண்ணாடியை இறக்கச் சொன்னான். இறக்கினேன்.

"மெதுவா வாங்க" என்றான் அவர்களிடம். "ஓட வேண்டாம்."